ஏழாம் நம்பர் கும்மிக்கு வாழி பாடியது

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு பஸ்ஸாம், அந்த ஒரே ஒரு பஸ்ஸுக்கு ஒரே ஒரு கண்டக்டராம், அந்தக் கண்டக்டர் சீட்டுக் கிழித்தது போக மிச்ச நேரத்தில் கும்மிப் பாட்டுக் கட்டுவாராம். அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருசம் கழித்து, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி வெயிலில், மாப்பிள்ளைவலசுப் பள்ளிக்கூட மைதானத்தில் அவருக்கு நினைவுக் கும்மி. சுண்ணாம்புக் கோடு போட்ட வட்டத்தில் மயில்கழுத்துக் கலரில் ஒரே மாதிரிச் சேலை கட்டி எண்பத்து நாலு பெண்கள் நிற்க, நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கும்மி வாத்தியார் நாச்சிமுத்து. அவர் பாட்டை எடுக்க வாயைத் திறந்த நேரம் பார்த்து, விழாக் கமிட்டிப் பொன்னுச்சாமி இன்னொரு மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"கண்டக்டர் சென்னியப்பண்ணன் கட்டுன ஏழாம் நம்பர் கும்மியை, ஒரு சொல்லு கூட்டாம, ஒரு சொல்லு கொறைக்காம, அவரு வாயில வந்தபடிக்கே நம்ம வாத்தியார் இப்பப் பாடுவாருங். இதக் கேக்கோணும்னே அண்ணனோட மக பூவாத்தா அம்மிணி திருப்பூர்ல இருந்து வந்து மொத வரிசைல உக்காந்திருக்குது. எல்லாரும் ஒருக்காக் கை தட்டுங்."

எல்லாரும் தட்டினார்கள். நாச்சிமுத்துவும் மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் பொன்னுச்சாமி சொன்னது காதில் ஏறியது. ஒரு சொல்லு கூட்டாம. ஒரு சொல்லு கொறைக்காம. பாட்டுக்கு ஒன்பது கண்ணி. ஏழாம் நம்பர் பஸ்ஸுக்கு ஒன்பது நிறுத்தம், நிறுத்தத்துக்கு ஒன்று என்று கட்டியிருந்தார் சென்னியப்பன். எட்டுக் கண்ணி வரைக்கும் பயமில்லை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஒன்பதாவதுதான் வாழி. பாட்டுக் கட்டினவர் பேரைச் சொல்லி வாழ்த்தி முடிக்கிற கண்ணி. அந்த வாழியை நாச்சிமுத்து இருபத்தொரு வருசமாகப் பாடி வருகிறார், ஊர் தவறாமல், நாள் தவறாமல், ஆனால் அதில் சென்னியப்பன் பேர் கிடையாது. நாச்சிமுத்துவின் பேர்தான் இருக்கிறது. இது என்னமோ இந்த நிமிசம்தான் தெரிந்த மாதிரி அவருக்கு வேர்த்தது. நேற்றுக் கமிட்டிக்காரர்கள் வந்து கேட்டபோதுகூட, பாடினால் போச்சு, நம்ம பாட்டுத்தானே என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருந்தார். நம்ம பாட்டு! அந்த வாயை அப்போதே ஒரு துணி வைத்துக் கட்டியிருக்க வேண்டும். சரி, இப்போது ஒன்றும் கெட்டுப்போகவில்லை, சென்னியப்பன் எழுதின பழைய வாழியைப் பாடிவிட்டால் முடிந்தது. பழைய வாழி. அது எப்படி ஆரம்பிக்கும்? க-வில் ஆரம்பிக்குமா? அங்கமுத்து தவிலில் ஒரு உருட்டு உருட்டி, என்ன வாத்தியாரே என்பதுபோல் பார்த்தார். எண்பத்து நாலு ஜோடிக் கை தூக்கின கை தூக்கினபடி நின்றது. வாய் தானாகவே பாட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது.

ஏறுங்கடி யம்மா ஏறுங்கடி - நம்ம
ஏழாம் நம்பரு வந்ததடி - கூடை
மாறுங்கடி கொஞ்சம் தள்ளுங்கடி - கைக்
கொழந்தைக்கு எடங் குடுங்கடி

பாடட்டும். வாய்க்கு வேலை தெரியும், அது பாட்டுக்குப் பாடட்டும், நாம் அதற்குள் உள்ளே போய்த் தேடி எடுத்துவிடலாம் என்று நாச்சிமுத்து கணக்குப் போட்டார். எட்டுக் கண்ணி, கண்ணிக்கு ஒன்றரை நிமிசம், நடுவில் தவில் உருட்டுக்கு அரை நிமிசம்; கிணற்றில் விழுந்த வாளியையே இதற்குள் பாதாளக் கரண்டி போட்டு எடுத்துவிடலாம். அவர் அந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டது பஸ்ஸில்தான். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது, சொசைட்டிக்குப் பால் கேன் கொண்டு போய்விட்டு வெறும் கேனோடு ஏழாம் நம்பரில் திரும்புவார். சென்னியப்பன் தோல்பையைத் தொடைமேல் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு, ஒரு நிறுத்தத்துக்கும் இன்னொரு நிறுத்தத்துக்கும் நடுவில் ஒரு கண்ணி சொல்லிக் கொடுப்பார். விசில் ஊதினால் கண்ணி முடிந்ததென்று அர்த்தம். யாராவது நடுவில் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினால் கண்ணி கெட்டுப்போகும், அதற்காகவே அவர் நடுவழியில் நிறுத்த மாட்டார், மழையாக இருந்தாலும் சரி, மாமனாராக இருந்தாலும் சரி. நாச்சிமுத்து இறங்குகிற இடம் எட்டாவது, தண்ணிப்பந்தல். அதனால் எட்டுக் கண்ணி நாலே நாளில் வந்துவிட்டது. ஒன்பதாவதைக் கற்றுக்கொள்வதற்காகவே ஒரு நாள் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரைக்கும் போனார். போனது ஞாபகம் இருக்கிறது. அங்கிருந்து மூன்று மைல் திரும்பி நடந்தது இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இடது கால் செருப்பு வார் அறுந்தது, அதைக் கேனுக்குள் போட்டுக்கொண்டது, சோளக்காட்டு ஓரம் செவலை நாய் ஒன்று காரணமே இல்லாமல் அரை மைல் துரத்தியது, அந்த நாய்க்கு ஒரு காது மடங்கியிருந்தது, எல்லாம் இருக்கிறது. அந்த மூன்று மைலும் மறந்துவிடக்கூடாது மறந்துவிடக்கூடாது என்று அந்தக் கண்ணியைத்தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். நாயின் காது இருக்கிறது, கண்ணி இல்லை. மனசு என்கிற சாமானை எவன் செய்தானோ, எதை வைக்கச் சொன்னால் எதை வைக்கிறது. இதற்குள் பஸ் மூன்றாவது நிறுத்தம் தாண்டிவிட்டது. முதல் வரிசையில் பூவாத்தாள் மடியில் மஞ்சள் துணிப்பை ஒன்றை வைத்திருந்தாள். ஐம்பதைத் தொட்ட வயது, அப்பாவின் அதே அகலமான நெற்றி. அந்தப் பை தட்டையாக இருந்தது. உள்ளே நோட்டு இருக்கும். சென்னியப்பன் கைப்பட எழுதின நோட்டு, அதில் ஒன்பது கண்ணியும் வரிசையாக இருக்கும், அவள் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் பார்க்கப் போகிறாள். கையை உள்ளே விடுகிறாளே. விட்டுவிட்டாள்.

ஆலமரத்து நிறுத்தத்திலே - ஒரு
ஆட்டுக்குட்டி ஏறி நின்னதடி - அதுக்கு
ஆளுச்சீட்டா அரைச் சீட்டான்னு - எங்க
அத்தை வழக்குப் புடிச்சதடி

பையிலிருந்து வந்தது முறுக்குப் பொட்டலம். பூவாத்தாள் ஒன்றை எடுத்துக் கடித்து, பக்கத்தில் இருந்தவளுக்கும் நீட்டினாள். நாச்சிமுத்துவுக்கு அந்த முறுக்கைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது. நோட்டு இல்லை என்றால் யாருக்கு என்ன தெரியப்போகிறது, வழக்கம்போலப் பாடிவிட்டுப் போகலாமே என்று ஒரு குரல் சொன்னது. அது அவருடைய குரல்தான், இருபத்தொரு வருசமாக அவருக்கு யோசனை சொல்லி வருகிற குரல். அதைச் சொல்லிக் குற்றமில்லை, முதல் தடவை பேர் மாறிப்போனது அப்படித்தான். கொளத்துமேட்டில் கும்மி. கொளத்துமேடு ஏழாவது நிறுத்தத்துக்கும் எட்டாவது நிறுத்தத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். அந்த ஊர்க்காரர்கள் கை காட்டிக் காட்டிக் கை ஓய்ந்தவர்கள். ஊர்ப் பெரியவர் மேடைக்கே வந்து, "பாட்டு நல்லாத்தான் இருக்குது தம்பி, ஆனா அந்தக் கண்டக்டர் பேர மட்டும் இந்த ஊர்ல எடுக்கக்கூடாது, எடுத்தீன்னா பந்தில உனக்கு எல கெடையாது" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். எட்டுக் கண்ணி தாண்டியாயிற்று, வாழியில் யாராவது ஒருத்தர் பேர் வந்தாக வேண்டும், அந்த அவசரத்தில் கைக்கு எட்டின பேர் சொந்தப் பேர்தான். அவ்வளவுதான் குற்றம். அடுத்த ஊரில் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தார். அடுத்த ஊரில் ஞாபகம் வந்தபோது பாதிக் கண்ணி போய்விட்டிருந்தது. அதற்கடுத்த ஊரில் யோசித்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது: யாரும் கேட்கவில்லை. வாழி எடுத்தால் சமையல் முடிந்துவிட்டது என்று அர்த்தம், அதுதான் இந்தப் பக்கத்துப் பழக்கம். முதல் சொல் காதில் விழுந்ததும் ஜனம் பந்திக்கு எழுந்து ஓடும், ஆடுகிற பெண்கள்கூட ஒரு கண்ணைக் கொட்டகைமேல் வைத்துக்கொண்டுதான் கடைசிச் சுற்றைச் சுற்றுவார்கள். கேட்காத காதுக்கு யார் பேராக இருந்தால் என்ன? அப்புறம் சென்னியப்பனே ஒரு நாள் பஸ்ஸில் கேட்டார். அதை நினைக்காமல் இருக்கத்தான் நாச்சிமுத்து இவ்வளவு நேரம் நாயையும் செருப்பையும் பற்றி நினைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை டூட்டி என்பதால் சென்னியப்பன் எந்தக் கும்மிக்கும் வந்ததில்லை. "வாழி பாடறயாப்பா?" என்றார். "பாடறனுங்." "எம் பேரு வருதா?" "அதெப்புடிங் வராமப் போகும்?" சென்னியப்பன் சிரித்துக்கொண்டே விசிலை ஊதினார், கொளத்துமேட்டுக்காரன் ஒருத்தன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தும் பஸ் நிற்கவில்லை. அப்படி ஒரு சிரிப்பு. கையில் இருந்த சில்லறையெல்லாம் குலுங்குகிற சிரிப்பு.

ஆறாவது கண்ணி நடக்கும்போது நாச்சிமுத்து தேடுவதை விட்டுவிட்டார். கிடைக்காது. கிணறு தூர்ந்துவிட்டது. புதுசாகக் கட்டிவிட வேண்டியதுதான். வேலையா பெரிது? தன் பேரை எடுத்துவிட்டு அவர் பேரைப் போட்டால் ஆச்சு. உள்ளே அந்தக் கண்ணியைச் சொல்லிப் பார்த்தார்.

பேச்சுக்கு முன்னால பாட்டு வரும் - நம்ம
நாச்சிமுத்து வாயத் தொறந்துபுட்டா - ஒரு
மூச்சுல ஒம்பது ஊருவரும் - அந்த
ஆச்சரியத்துக்கு வாழி சொல்லு

அடடா, என்ன வார்ப்பு என்று முதலில் தோன்றியது. பிறகுதான் வெட்கம் வந்தது. இதில் சென்னியப்பனை எங்கே ஏற்றுவது? பேச்சு, மூச்சு, ஆச்சரியம் என்று வரிசையாக நாச்சிமுத்துவுக்கு உறவுக்காரர்களாக உட்கார்ந்திருக்கிற சொற்களுக்கு நடுவில் அவர் நின்றுகொண்டேதான் வர வேண்டும். சென்னிக்கு எதுகையாக என்ன இருக்கிறது? பின்னி. மின்னி. வன்னி மரம். பன்னி. பன்னி வேண்டாம். எவ்வளவு விரட்டினாலும் அதுதான் முதலில் வந்து நின்றது, வாலை வேறு ஆட்டியது. போ சாமி, நினைவு நாளும் அதுவுமா, போ. இப்படிப் பன்னியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது வாய் சொன்ன பேச்சுக் கேட்டு ஏழாவது நிறுத்தத்தில் ஆளை ஏற்றி இறக்கிவிட்டு, கொளத்துமேட்டில் நிற்காமல், எட்டாவதற்கு வந்துவிட்டது.

தண்ணிப் பந்தலு நிறுத்தத்திலே - ஒரு
தம்பதி எறங்கிப் போனதடி - அவ
முன்னால போறா அவன் பின்னால வாறான் - என்ன
மொணங்கல்னு கேட்டுச் சொல்லுங்கடி

அங்கமுத்து வாழிக்கான உருட்டை உருட்டினார். சமையல் கொட்டகைப் பக்கமிருந்து அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் ஊற்றின வாசனை வந்து மைதானத்தில் படுத்துக்கொண்டது. முன் வரிசைகளில் செருப்புத் தேடுகிற கால்கள். இப்போது எடுக்க வேண்டும். நாச்சிமுத்து மூச்சை இழுத்தார். உதடு ப-வுக்குக் குவிந்தது, பேச்சுக்கு என்று வரப்போகிற ப. ஐயோ, தான் சொல்லாமலே அது வரப்போகிறது, எந்தக் கயிறும் அதைக் கட்டாது, பூவாத்தாள் முறுக்கை மென்று முடித்து அண்ணாந்து வாயையே பார்க்கிறாள், அப்பா சிரித்த அதே வாய், அவள் முன்னால் வைத்து நாச்சிமுத்து வாயத் தொறந்துபுட்டா என்று நாச்சிமுத்துவே வாயைத் திறக்கப்போகிறார். வேறு வழி தெரியாமல் பஸ்ஸைத் திருப்பினார்.

நில்லுங்க டிரைவரே நில்லுங்கண்ணே - என்ற
தூக்குப்போசி அங்க நின்னுபோச்சு - ஒரு
சொல்லுக்குத் திருப்பு வண்டியத்தான் - அந்த
ஆலமரம்வரை போயிவருவோம்

ஜனம் ஒரு நிமிசம் திகைத்துப்போய், அப்புறம் சிரித்துக் கை தட்டியது. இப்படியும் ஒரு கண்ணி இருக்கிறதா, எங்களுக்குத் தெரியாதே என்று யாரோ சொன்னார்கள். "பாத்தீங்களா, ஒரு சொல்லு மாறாம!" என்றார் பொன்னுச்சாமி மைக்கில். தூக்கின கை இறங்காமல் பெண்கள் மறுபடி சுற்ற ஆரம்பித்தார்கள். ஆலமரத்தில் ஆட்டுக்குட்டி மறுபடி ஏறியது, அத்தை மறுபடி வழக்குப் பிடித்தாள். நாச்சிமுத்துவுக்கு ஆறு நிமிசம் கிடைத்தது. அந்த ஆறு நிமிசமும் கன்னி, கின்னி, கொன்னி என்று போய்விட்டது. தண்ணிப்பந்தல் மறுபடி வந்தது. தம்பதி மறுபடி முணங்கிக்கொண்டே இறங்கினார்கள். போன தடவை சோற்றுத் தூக்கு, இந்தத் தடவை கொழுந்தியாளின் குடை நின்றுபோனது. வண்டியைத் திருப்பினார். இப்போது யாரும் கை தட்டவில்லை. மூன்றாவது முறை எதை மறந்தோம் என்று சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை, டிரைவருக்கே வழி மறந்துவிட்டது என்று பாடினார். வட்டத்தின் முன்வரிசையில் ஆடிய ருக்குமணி, அவருக்கு நேராக வரும்போது குனிந்து கைதட்டி நிமிர்கிற சாக்கில், "ஏனுங் வாத்தியாரே, இந்த பஸ்ஸுக்கு டீசலு ஆரு போடறது?" என்றாள். அடுத்த சுற்றில், "எண்பத்து நாலு பொம்பளைங் காலும் மனுசக் காலுதானுங்." அதற்கடுத்த சுற்றில் அவள் வரவில்லை. அவள் இடம் காலியாக ஒரு சுற்று சுற்றி வந்தது. அப்புறம் அவளுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் மூன்று. வாழி எடுக்காமல் பந்திக்குப் போகிற வழக்கம் இல்லைதான், ஆனால் நெய் வாசனைக்கு வழக்கமெல்லாம் தெரியாது. நாற்காலிகள் காலியாக ஆரம்பித்தன. பொன்னுச்சாமி விருந்துக்கு வந்த ஒறம்பரைகளைக் கவனிக்கிறேன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே நழுவினார். மயில்கழுத்து வட்டம் பாதியாகி, பிறை மாதிரி ஆகி, கடைசியில் ஒருத்தி மட்டும் பொறுப்போடு தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தாள், அவளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனாள். நாச்சிமுத்துவுக்கு இப்போது பயமாக இல்லை, ஒருவிதமான நிம்மதி. எல்லாரும் போய்விட்டால் வாழியே பாட வேண்டியதில்லை, பாட்டு முடியாமலே முடிந்துவிடும், யாரும் எந்தப் பேரையும் கேட்க மாட்டார்கள். அங்கமுத்து தவிலின் வாரைத் தோளிலிருந்து கழற்றினார்.

"வாத்தியாரே, எனக்குச் சர்க்கரைங். நேரத்துக்குத் திங்கோணும். நீங்க மெதுவா ஓட்டிட்டு வாங்."

தவில் நின்றதும் மைதானம் வெறிச்சென்று ஆனது. மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பினால், முதல் வரிசையில் பூவாத்தாள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். பையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தாள்.

"முடிஞ்சுதுங்களா?" என்றாள்.

"இல்லீங் அம்மிணி."

"அதான் பாத்தேன். வாழி வரக் காணமேன்னு."

நாச்சிமுத்து வட்டத்தைக் கடந்து அவள் முன்னால் வந்து நின்றார். நிற்கலாமா உட்காரலாமா என்று தெரியவில்லை. வாய் இருக்கிறதே, இவ்வளவு நேரம் அவர் சொன்னதைக் கேட்காமல் ஓடிய வாய், இப்போது பிடித்துத் தள்ளித்தான் நகர்ந்தது. "எனக்கு அந்தக் கண்ணி தெரியாதுங்" என்றார். "தெரிஞ்சுதான் இருந்துச்சு. மறந்து போச்சுங். இருபத்தொரு வருசமா உங்கப்பா பேர எடுத்துப்போட்டு எம் பேரப் போட்டுப் பாடிட்டிருந்தேன். உங்கப்பா கேட்டப்பப் பொய் சொல்லீட்டேனுங்."

பூவாத்தாள் ஒரு பல்லில் மாட்டின முறுக்கை நாக்கால் துழாவினாள். அது வந்த பிறகு, "அந்தக் கண்ணியப் பாடுங், கேக்கறேன்" என்றாள்.

"எதுங்?"

"உங்க பேரு வர்றது."

பாடினார். மைக்கும் இல்லை, தாளமும் இல்லை. ஆச்சரியத்துக்கு வாழி சொல்லு என்கிற இடத்தில் குரல் அவமானத்தில் உள்ளே போய்விட்டது. பூவாத்தாள் கேட்டு முடித்து, "நல்லாத்தான் கட்டியிருக்கறீங்" என்றாள், பாராட்டா குத்தலா என்று பிடி கொடுக்காத குரலில்.

"அப்பா கட்டுனது உங்களுக்குத் தெரியும்ங்களே அம்மிணி? ஒருக்காச் சொல்லீட்டீங்கன்னா..."

"நானா? வாழின்னு எடுத்தாப் போதும், நானும் எங்கம்மாளும் எல புடிக்க ஓடீருவம். எங்கப்பன் ஊட்டுல சும்மா பாடிட்டு இருந்தாக்கூட அந்த எடம் வந்தா எங்கம்மா தட்டத்த எடுத்து வெச்சிரும், அவரும் நிறுத்திப்போட்டு உக்காந்துக்குவாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஒருக்காக்கூடக் கேக்கலீங் நான். அதுக்குத்தான் பஸ்ஸேறி வந்தேன்."

பந்திக் கொட்டகையில் சாம்பார் கேட்டு யாரோ கூப்பிட்டார்கள். நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். தேடவில்லை. எதுகையையும் கூப்பிடவில்லை. என்ன வருகிறதோ வரட்டும் என்று எடுத்தார்.

கட்டக் கடைசி நிறுத்தத்திலே - பாட்டுக்
கட்டின ஆளு எறங்கிப்புட்டார் - அவர்
விட்ட எடத்தை நான் மறந்துபுட்டேன் - எங்க
சென்னியப்பன் வாழி வாழியம்மா

கடைசி அடி கல்மேல் ஏறி இறங்கின சக்கரம்போல இடித்தது. அவருக்கே காது கூசியது. கண்ணைத் திறந்தால் பூவாத்தாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பன் இதவிட நல்லாக் கட்டியிருப்பாரு" என்றாள்.

"ஆமாங். அதுல சந்தேகமே இல்லீங்."

"ஆனா இனிமே எல்லா ஊர்லயும் இதத்தான் பாடோணும்."

"நல்லா இல்லீங்களே அம்மிணி. சென்னிங்கற எடத்துல இடிக்குதுங்."

"இடிச்சா இடிக்கட்டும். வாழிய ஆரு கேக்கறாங்? எல்லாரும் சோத்துக்குத்தான ஓடறாங்." எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். மடியிலிருந்து முறுக்குத் தூள் உதிர்ந்தது. "கொளத்துமேட்டுலயும் பாடோணும்."

"கொளத்துமேட்டுலயுங்களா? எல கெடைக்காதுங்."

"பட்டினி கெடந்து பாடுங்."

அவள் சுண்ணாம்புக் கோட்டை மிதிக்காமல் ஒரு எட்டுத் தாண்டி, கொட்டகையைப் பார்த்து நடந்தாள். நடையில் அவசரம் இருந்தது; இரண்டாம் பந்தி உட்கார்ந்துகொண்டிருந்தது. நாச்சிமுத்து அவள் பின்னாலேயே போகலாம்தான், பசி இல்லாமல் இல்லை. ஆனாலும் நின்று அந்தக் கண்ணியை இன்னொரு தரம் எடுத்தார். இரண்டாவது அடியிலேயே வாய் நைசாகப் பேச்சுக்கு மூச்சுக்கு என்று திரும்பப் பார்த்தது. இழுத்துப் பிடித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இடித்தது. மறுபடி எடுத்தார், மறுபடி இடித்தது. பூவாத்தாள் பள்ளிக்கூடக் கட்டிட மூலையில் திரும்பி மறைகிற வரைக்கும், அந்த நல்லா இல்லாத கண்ணியை, வாய் பழகட்டும் என்று பாடிக்கொண்டே நின்றார்.